அமிர்தம் டீச்சர் கேட்கச் சொன்ன கேள்வி

மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் அச்சகத்துக்கு யாரும் அவசரப்பட்டு வருவதில்லை. அந்த நேரத்தில் மலாக்காவின் தெங்கேராவே பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். கடல் பக்கமிருந்து உப்புக் காற்று வரும். மேலே விசிறி சுற்றும். கணினித் திரைக்கு முன் உட்கார்ந்தபடியே நானும் கொஞ்சம் கண்ணயர்வேன். முதலாளிக்கு இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார். போன மாதம் அப்படி ஒரு மதியத்தில்தான் ஓர் அம்மாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு சிறிய புகைப்படத்தையும் கையால் எழுதிய ஒரு தாளையும் என் மேசையில் வைத்தார். கருமக்கிரியை அழைப்பு அச்சடிக்க வேண்டும், எங்கள் அக்காவுக்கு என்றார். படத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அமிர்தம் டீச்சர்.

பதினேழு வருடமாக மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்தையும் சாவையும் எழுத்துக் கோர்த்துக் கொடுக்கிறவன் நான். 'அன்பே உருவானவர்', 'எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்தி' என்றெல்லாம் தூக்கத்திலேயே தட்டிவிடுவேன். ஊரில் செத்தவர்கள் அத்தனை பேரும் அன்பே உருவானவர்கள்தான். உயிரோடு இருக்கும்போது அவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று கேலியாக நினைத்துக்கொள்வதும் உண்டு. அன்று மட்டும் விரல் ஓடவில்லை. அந்த அம்மாளிடம் எப்போது என்று கேட்டேன். மூன்று மாதம் படுக்கையில் இருந்தாராம். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். நீங்கள் அக்காவிடம் படித்தவரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எப்படித் தெரியும் என்றார். "ஒரு தடவ நான் ஓட்டுன மோட்டார் சைக்கிள்ல வந்திருக்காங்க" என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டீச்சரை அறிந்தவர்களே, உங்களில் பலர் அவரிடம் படித்திருப்பீர்கள், அல்லது உங்கள் பிள்ளைகளை அவரிடம் அனுப்பியிருப்பீர்கள். நான் அவரிடம் பேசியது மொத்தம் மூன்றே தடவை. நினைவஞ்சலி எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஆனால் ஏழு வருடத்துக்கு முன் அவர் மேல் ஒரு பழி விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது என்னுடைய பழி. அதை நான் எடுத்துக்கொள்ளாமல் அவரையே சுமக்க விட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜாசின் போகிற வழியில் பதினோராங்கட்டைத் தோட்டம் என்றால் உங்களுக்குத் தெரியும். பாதி ரப்பர் வெட்டும் பால்மரம், பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. பள்ளிக்கூடம் பெரிய சாலையோரத்தில் இருந்தது, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இரண்டு மைல் உள்ளே. நடுவில் செம்மண் சாலை. காலையில் அந்தச் சாலையில் பனி இறங்கி நிற்கும். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை முதலில் தெரியும், அப்புறம்தான் முகம் தெரியும். அந்தப் பனிக்குள்தான் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் வரும். அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் என் அக்கா வசந்தாவின் கணவர் தங்கராஜு.

லாரி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள் என்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும்தான் சொல்கிறார்கள். அமிர்தம் டீச்சர் ஒரு நாள் தங்கராஜுவைக் கூப்பிட்டு லாரியையே பள்ளித் திடலுக்குக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு லாரியின் இடது பக்கம், பின் சக்கரத்தின் அருகே போய் நின்றார். நான் தெரிகிறேனா என்று கேட்டார். எட்டிப் பார்த்த பிள்ளைகள் இல்லை என்றார்கள். கண்ணாடியில் தெரிகிறேனா என்று கேட்டார். அதிலும் தெரியவில்லை. அறுபது பிள்ளைகள் ஏறி இறங்க ஒரு முழுக் காலை ஆனது. கடைசியில் தங்கராஜுவையும் ஏறிப் பார்க்கச் சொன்னாராம். அவர் பார்த்துவிட்டு இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடம் ஓட்டியும் தன் கண்ணுக்குத் தெரியாத இடம் இவ்வளவு இருப்பது தனக்கே தெரியாது என்று சொன்னாராம். இதையெல்லாம் அக்கா தொலைபேசியில் சொல்லித்தான் கேட்டேன். ஏனென்றால் அப்போது எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லாமல் போன காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் கல்யாண அழைப்பிதழை நானே கோர்த்தேன். உறவினர் பெயர் வரிசையில் தங்கராஜுவின் பெயர் என் சித்தப்பா மருமகனின் பெயருக்குக் கீழே போய்விட்டது. இடம் பற்றவில்லை, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் அழைப்பிதழ் அடிக்கிறவன் வீட்டு மாப்பிள்ளையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாதவனா என்று அவர் கேட்டார். என் கல்யாணத்துக்கு வரவில்லை. அந்தக் கோபத்தில், மறு வருடம் அவர் மகள் கவிதாவுக்குக் காது குத்தியபோது நானும் போகவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், தாய்மாமன் நான் ஒருவன்தான். என்னை வந்து கெஞ்சுவார்கள் என்று மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு காத்திருந்தேன். தங்கராஜு யாரையும் கெஞ்சவில்லை. ஐந்து வயது மகளைத் தன் மடியிலேயே தூக்கி வைத்துக்கொண்டு ஆசாரியைக் குத்தச் சொல்லிவிட்டார். சபையில் எல்லோரும் வாயடைத்துப் போனதாக அக்கா அழுதுகொண்டே சொன்னாள். அப்புறம் நாலு வருடம் நான் அந்தத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

இந்த நாலு வருடத்தில்தான் டீச்சர் அந்தக் கேள்விப் பாடத்தைத் தொடங்கினார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் மோட்டாரில் வந்து, நான் உன் மாமா என்று சொல்லி ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய், தோட்டையும் சங்கிலியையும் கழற்றிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் இறக்கி விட்டுவிட்டான். தெரியாதவர்களோடு போகாதே என்று சொல்லிக் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். டீச்சர் யோசித்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்குத் தெரியாதவர் என்று யார் இருக்கிறார்கள்? பஸ் ஓட்டுகிறவர் மாமா, ரொட்டி விற்கிறவர் அண்ணன், கோயிலில் விபூதி கொடுக்கிறவர் தாத்தா. வழியில் யார் சிரித்தாலும் அவர்கள் உறவு. நாமேதான் அப்படிப் பழக்கியிருக்கிறோம், அதை விடவும் முடியாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைப் பற்றி ஒரு கேள்வியைப் பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும், வழியில் கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் அதைக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

எல்லாக் கேள்வியும் செல்லாது. அப்பா பெயர் என்ன என்பதை எவனும் விசாரித்துத் தெரிந்துகொள்வான். டீச்சர் பிள்ளைகளிடம் சொன்னதைக் கவிதா எனக்குப் பின்னாளில் அப்படியே ஒப்பித்துக் காட்டியிருக்கிறாள்: "ஊர்ல யாரைக் கேட்டாலும் தப்பாச் சொல்லணும். வீட்டுல உள்ளவங்க மட்டும் சரியாச் சொல்லணும். அதான்டா நல்ல கேள்வி." ஒரு பையன் தன் வீட்டு நாயின் பெயரைக் கேட்பான். எல்லோரும் மணி, ராஜா என்று எதையாவது சொல்வார்கள். அந்த நாய்க்குப் பெயரே கிடையாது. ஒரு மழை நாளில் தலைமையாசிரியரே காரை நிறுத்தி அவனை ஏறச் சொன்னபோது, அவன் குடைக்குள் இருந்தபடி நாய் பெயரைக் கேட்டிருக்கிறான். அவர் டைகர் என்றிருக்கிறார். பையன் கும்பிட்டுவிட்டு மழையிலேயே நடந்து போய்விட்டான். தோட்டம் முழுக்க ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

பாடத்தில் இன்னும் இரண்டு விதி உண்டு. முதலில் சொல்லும் பதில்தான் பதில், இரண்டாவது செல்லாது. தப்பாகச் சொன்னால், கூட வரும் பிள்ளைகள் எல்லோரும் பையை நடுவில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். நிற்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போகலாம், கூட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளை எவனும் தூக்க முடியாது என்பது டீச்சரின் கணக்கு. கடைசியாக ஒன்றையும் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றுதான் வந்து சொல்வார்கள், அழுகை வந்தாலும் முதலில் கேள்வியைக் கேளுங்கள் என்று.

பால்மரம் இலை உதிர்க்கும் மாதம் அது. மதியம் பன்னிரண்டரை மணிக்கு அக்கா மலாக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அச்சகத்துக்குப் போன் செய்தாள். தங்கராஜுவின் லாரி பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. நினைவு இருக்கிறது, பேசுகிறார், அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், அதற்கு முன் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறார். "நீ போய்க் கூட்டிட்டு வாடா. உன்னத்தான் போகச் சொன்னாரு" என்றாள். நாலு வருடத்துக்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். முதலாளியின் மோட்டாரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தச் சாலை இப்போதும் எனக்கு மதியத் தூக்கத்தில் வருகிறது. இரண்டு பக்கமும் மரங்கள் சிவந்து நிற்கின்றன. காற்றே இல்லை, ஆனாலும் இலைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருக்கின்றன. வெயில் கிளைகளுக்கு நடுவே துண்டு துண்டாக விழுகிறது. தூரத்தில் பதினொரு பிள்ளைகள் சாலையின் எதிர் ஓரமாக வரிசையில் நடந்து போகிறார்கள். மோட்டார் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே சமயத்தில் புல்லில் ஏறி நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். கவிதா யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வயது. என் அக்கா சிறு வயதில் நிற்பதைப் போலவே ஒரு காலில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"கவிதா, மாமா வந்திருக்கேன்மா. தாய்மாமன். அப்பாவுக்கு அடிபட்டிருச்சு, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, ஏறு" என்றேன்.

அவள் உதடு நடுங்கியது. ஆனால் ஏறவில்லை. பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு யாரு மடியில வச்சுக் காது குத்துனாங்க?"

எனக்குப் பதில் தெரியும். நன்றாகவே தெரியும். அக்கா அழுதுகொண்டே சொன்ன நாளிலிருந்து அந்தப் பதில் என் நெஞ்சில் கிடந்தது. ஆனால் பதினொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, இப்போதுதான் தாய்மாமன் என்று மார்தட்டிவிட்டு, நான் அன்று வரவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. "என் மடியிலதான்மா. தாய்மாமன் மடியிலதான்" என்றேன்.

அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். "பொய்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பதினொரு பைகளும் புல்லில் விழுந்தன, பதினொரு பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். கவிதா நடுவில் இருந்தாள். அப்பா மடியில், அப்பா மடியில் என்று அப்புறம் நான் எத்தனையோ தடவை சொன்னேன். முழங்கால் போட்டுச் சொன்னேன். அதட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் அழுதார்கள், ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெரிய பெண் ஒருத்தி மட்டும், டீச்சர் வந்து சொன்னால்தான் எழுந்திருப்போம் என்றாள்.

டீச்சரைத் தேடித் திரும்பிப் போனேன், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. டீச்சர் ஜாசின் பஸ் ஏறிவிட்டதாகப் பள்ளித் தோட்டக்காரர் சொன்னார். ஜாசின் போய் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது டீச்சர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உருவம். நான் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மோட்டாரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் நான் விட்டுவந்த இடத்தில் அப்படியே இருந்தார்கள். அவர்களின் தலையிலும் மடியிலும் இலைகள் விழுந்திருந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் பசியோடு பத்துப் பேரும் ஒருத்தியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் கவிதாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மாமா முதலில் என்ன சொன்னார் என்று கேட்டார். கவிதா அவர் காதில் சொன்னாள். டீச்சர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் வலித்திருக்காது. பிறகு கவிதாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, "இவரு உன் மாமாதான். டீச்சர் சொல்றேன், போய்ட்டு வா" என்று அவரே தூக்கி மோட்டாரில் உட்கார வைத்தார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே தங்கராஜுவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவர் உயிரோடு திரும்பி வரவில்லை.

சாவு வீட்டில் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாரே, பெத்த பிள்ளையைப் பார்க்க விடாமல் செய்துவிட்டாளே அந்த டீச்சர் என்றாள். வந்தவர்கள் எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். சொந்த மாமனைக் கேள்வி கேட்டு நிறுத்துவதா, இது என்ன படிப்பு என்றார்கள். என்னிடம் கேட்டபோது, நான் பதில் சொன்னேன், ஆனாலும் பிள்ளை வரமாட்டேன் என்றுவிட்டாள் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் பெற்றோர் சிலர் பள்ளிக்குப் போனார்கள். கேள்விப் பாடம் நின்றது.

அதற்கு முன், சாவுக்கு மூன்றாம் நாள், டீச்சர் துக்கம் கேட்க வந்தார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு பெண் எழுந்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டே விட்டாள். அந்த இடத்தில் டீச்சர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பியிருக்கும். நான் கதவோரம் நின்று அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. வெளியே வந்தார். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"தம்பி, அந்தப் பிள்ள சரியாத்தான் செஞ்சுச்சு. அதை அவகிட்ட நீங்க சொல்லணும்" என்றார். நீங்களே சொல்லக்கூடாதா டீச்சர் என்று கேட்டேன். "நான் சொல்லத்தான் போறேன். ஆனா நான் சொன்னா அது பாடம். அவளால அப்பாவப் பாக்க முடியாமப் போச்சுன்னு ஊரு சொல்லுது, நாளைக்கு அவளே சொல்லிக்குவா. வீட்டு ஆளு வாயிலேருந்து வந்தாத்தான் அவ தூங்குவா. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

சொல்லவில்லை. அவள் செய்தது சரி என்று சொல்ல வேண்டுமானால், நான் சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்கு வாரா வாரம் போனேன். கவிதாவுக்குக் காலுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன், பள்ளிப் பையின் வார் அறுந்தால் தைத்துக் கொடுத்தேன். எல்லோரும் தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அவள் சிரிப்பு குறைந்த பெண்ணாக வளர்ந்தாள். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வரும்போது, "மாமா, அப்பா எத்தன மணி வரைக்கும் முழிச்சிருந்தாரு?" என்று கேட்டாள். எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன். காற்றில் கேட்காதது போல அவள் அதை மறுபடி கேட்கவில்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

பாடம் நின்ற பிறகு டீச்சர் என்ன செய்தார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்லிக் கொடுக்கக்கூடாது என்றுதானே உத்தரவு, கூட நடக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தினமும் பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு அந்தச் செம்மண் சாலையில் லயம் தெரியும் வளைவு வரைக்கும் நடந்து போவார். பிறகு தனியாகத் திரும்பி வருவார். ஒரு மணி பஸ் போயிருக்கும், மூன்று மணி பஸ்ஸில்தான் ஜாசின் போவார். ஒரு தூறல் நாளில் நான் அக்கா வீட்டுக்குப் போகும்போது எதிரே வந்தார். மரங்களுக்கு நடுவே வெள்ளையாக மழைப்புகை. அதற்குள் ஒரு கறுப்புக் குடை மிதந்து வருவது போல வந்தது. பிள்ளைகள் யாரும் இல்லை. ஆனாலும் அவர் சாலையின் வலது ஓரமாகவே, லாரி வந்தால் எதிரே தெரியும் பக்கமாகவே, நடந்து வந்தார். நான் மோட்டாரை மெதுவாக்காமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன். அதைப் பேசியதில் சேர்க்க முடியாது.

மூன்றாவது தடவை பேசியது மலாக்கா பஸ் ஸ்டேஷனில், இரண்டு வருடத்துக்கு முன். தளர்ந்திருந்தார். என் மனைவி, பிள்ளைகளை விசாரித்துவிட்டு, "சொல்லிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். என்னவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சொல்லிவிட்டேன் டீச்சர் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரிலா, நல்லது தம்பி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அவரிடம் நான் சொன்ன கடைசிச் சொல்லும் பொய்தான்.

கருமக்கிரியை ஜாசினில் அவர் வீட்டில் நடந்தது. கவிதாவுக்கு இப்போது பதினாறு வயது, இடைநிலைப் பள்ளியில் நான்காம் பாரம் படிக்கிறாள். அவள் போயே ஆக வேண்டும் என்று நின்றதால் அக்காவும் வந்திருந்தாள், ஆனால் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே பந்தலில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த நேரம். இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் அவர்கள் இருவருக்கும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அன்னிக்கு கவிதா கேட்டதுக்கு நான் என் மடியிலன்னு சொன்னேன். வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். அவ சரியாத்தான் செஞ்சா. டீச்சரும் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றேன்.

 அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மகள் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியும்தானே, ஏன்டி இவ்வளவு நாள் என்கிட்ட சொல்லவில்லை என்று கேட்டாள்.

கவிதா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "டீச்சர் சொல்லியிருந்தாங்கம்மா. நீ பண்ணது சரி, மாமாவே ஒரு நாள் வந்து சொல்வாரு, அது வரைக்கும் பொறுத்துக்கன்னு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி போய், இன்னும் சொல்லல டீச்சர்னேன். பயந்தவங்களுக்கு நேரம் ஆகும்மா, ஆனா வருவாருன்னாங்க."

அக்கா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் போனாள். டீச்சரின் படத்துக்கு முன் அவள் வெகுநேரம் நின்றது பந்தலிலிருந்து தெரிந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கவிதா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஏழு வருடத்தில் அவள் என் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

டீச்சரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நம்பிக்கைதான். அதற்கு நான் தகுதியானவன் இல்லை என்று தெரிந்தும் என்மேல் வைத்தார், கேட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். பழியை மட்டும் நீங்கள் அவர் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் போடுங்கள். அந்தப் பாடம் சரியான பாடம். அதைக் கேட்ட பிள்ளை சரியாகக் கேட்டாள். வழியில் நின்று தவறான பதிலைச் சொன்னவன் நான்தான்.